பழைய காருக்கு எந்த ரிப்பேர் மேனுவல்?

புதுச்சேரி கதிர்காமத்தில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் 2001-ஆம் ஆண்டு பதிவான மாருதி 800 கார் இருக்கிறது. 15 ஆண்டு முடிந்த பிறகு பதிவைப் புதுப்பித்து இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆயில் மாற்றுவது, பிளக் கழற்றிச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை வீட்டு வாசலிலேயே முடித்துவிடுவார். அடுத்ததாக பெட்ரோல் பில்டரைத் தானே மாற்றத் திட்டமிட்டிருக்கிறார்.

இன்டர்நெட்டில் 'மாருதி 800 சர்வீஸ் மேனுவல்' என்று தேடியதில் அவருக்கு மூன்று பைல்கள் கிடைத்தன. முதலாவது, பல நூறு பக்கங்கள் கொண்ட ஸ்கேன் செய்த பி.டி.எப். இரண்டாவது, நூறு பக்கம் கூட இல்லாத ஒரு சிறிய பி.டி.எப். மூன்றாவது, 'முழு மேனுவல்' என்று பெயர் போட்ட, கிளிக் செய்தால் இன்ஸ்டால் ஆகும் பைல். "பெரிய மேனுவலில் பெட்ரோல் பைப்பைக் கழற்றவும் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறது. வேலை எளிதாகத்தான் தெரிகிறது. இதையே வைத்துக்கொண்டு செய்யலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான் நம் முதல் பதில். காரணத்தைப் பார்ப்போம். அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பழைய காருக்கும் சரியான மேனுவலை நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம்.

ஒரே பெயர், வேறு வேறு கார்

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இந்த 30 ஆண்டுகளில் பெயர் ஒன்றாகவே இருந்தது. ஆனால் பானெட்டுக்குக் கீழே இருப்பது பலமுறை மாறியது. 1986-இல் பாடி முழுவதும் மாறியது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி கார்புரேட்டர் போய் எம்.பி.எப்.ஐ. வந்தது. அதே காலத்தில் 12 வால்வு இன்ஜினும் 5 கியரும் கொண்ட மாடலும் வந்தது. எல்லாமே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்கள்தான். ஆனால் ஒன்றுக்கு எழுதிய மேனுவல் இன்னொன்றுக்கு முழுவதும் பொருந்தாது.

பெட்ரோல் பில்டரையே எடுத்துக்கொள்வோம். கார்புரேட்டர் வண்டியில் இன்ஜினோடு பொருத்திய மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோலை மெதுவாக இழுத்துக் கொடுக்கிறது. பைப்பில் அழுத்தம் மிகக் குறைவு. கழற்றினால் கொஞ்சம் பெட்ரோல் சொட்டும், அவ்வளவுதான். எம்.பி.எப்.ஐ. வண்டியில் டேங்கில் இருக்கும் எலக்ட்ரிக் பம்ப் பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. காரின் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட இது அதிகம். இன்ஜினை ஆப் செய்த பிறகும் இந்த அழுத்தம் பைப்பிலேயே தங்கியிருக்கும். அந்த நிலையில் பைப்பைக் கழற்றினால் பெட்ரோல் முகத்திலும் சூடான இன்ஜின் மீதும் பீய்ச்சியடிக்கும். தீப்பிடிக்க அது போதும்.

எனவே எம்.பி.எப்.ஐ. மேனுவலில் 'முதலில் அழுத்தத்தை இறக்கு' என்று தனியாக ஒரு செயல்முறை இருக்கும். கார்புரேட்டர் மேனுவலில் அது இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நம் வாசகர் படித்த ஒரு வரி தவறான வரி அல்ல. அது வேறொரு காருக்கு எழுதிய சரியான வரி. மேனுவலே இல்லாதவர் பயந்துகொண்டு மெக்கானிக்கிடம் போவார். பொருந்தாத மேனுவலை வைத்திருப்பவர் தைரியமாகக் கை வைப்பார். ஆபத்து இரண்டாமவருக்குத்தான் அதிகம்.

முதலில் உங்கள் காரை அடையாளம் காணுங்கள்

மேனுவலைத் தேடும் முன் நோட்பேடைத் திறந்து நான்கு விவரங்களை டைப் செய்துகொள்ளுங்கள்.

1. ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டு. பதிவு செய்த தேதி வேறு, தயாரித்த தேதி வேறு. மேனுவலுக்குத் தேவை தயாரித்த தேதி.

2. சேஸிஸ் எண். மாருதி கார்களில் 17 இலக்க எண் 'எம்ஏ3' என்று தொடங்கும். ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

3. இன்ஜின் எண். பழைய 6 வால்வு இன்ஜின் எப்8பி, 12 வால்வு இன்ஜின் எப்8டி. பழைய காரில் இன்ஜினையே மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எனவே ஆர்.சி.யை மட்டும் நம்பாமல் இன்ஜினில் பொறித்திருப்பதையும் படியுங்கள்.

4. கண்ணால் பார்த்தது. டாஷ்போர்டில் இழுக்கும் சோக் குமிழ் இருந்தால் அது கார்புரேட்டர் வண்டி. சாவியை ஆன் செய்தவுடன் 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால் அது எம்.பி.எப்.ஐ. கியர் நான்கா, ஐந்தா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2000, 2001 போன்ற மாற்றம் நடந்த ஆண்டுகளின் கார்களுக்கு நான்காவது விவரம் மிக முக்கியம். ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பானெட்டைத் திறந்து பாருங்கள்.

மேனுவல் என்றால் எது?

'மேனுவல்' என்ற ஒரே பெயரில் ஐந்து வகைப் புத்தகங்கள் சுற்றுகின்றன.

ஓனர்ஸ் மேனுவல்: கார் வாங்கும்போது டேஷ் பெட்டியில் வைத்துத் தருவது. டயர் காற்று, ஆயில் அளவு, பல்பு, பியூஸ், ஜாக்கி வைக்கும் இடம் போன்றவை இதில் இருக்கும். சின்னது என்று ஒதுக்காதீர்கள். வீட்டில் செய்யத் தகுந்த வேலைகளில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

சர்வீஸ் மேனுவல்: கம்பெனி தன் ஒர்க்ஷாப் மெக்கானிக்குகளுக்காக எழுதியது. கழற்றும் முறை, மாட்டும் முறை, போல்ட் இறுக்கும் அளவு, இடைவெளி அளவு, வயரிங் படம் எல்லாம் இருக்கும். ஆனால் படிப்பவர் பயிற்சி பெற்ற மெக்கானிக் என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள். சில இடங்களில் ஸ்பெஷல் டூல் கேட்கும்.

சப்ளிமெண்ட்: ஒரு மாடலில் மாற்றம் வரும்போது மாறிய பகுதிகளை மட்டும் அச்சிட்ட துணைப் புத்தகம். மாறாத பகுதிகளுக்கு 'மூல மேனுவலைப் பார்க்கவும்' என்று சொல்லிவிடும். தனியாகப் படித்தால் குறையாகத் தெரியும்.

பார்ட்ஸ் கேட்டலாக்: ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துக் காட்டும் படமும் எண்ணும் கொண்டது. எப்படிக் கழற்றுவது என்று சொல்லாது. ஆனால் எந்த வாஷர் எந்தப் பக்கம் வரும் என்பதைப் படத்தில் தெளிவாகப் பார்க்கலாம். கடையில் பாக எண்ணைச் சொல்லிக் கேட்டால் தவறான பொருள் கைக்கு வருவதும் குறையும்.

வெளிப் பதிப்பகங்களின் மேனுவல்: இதில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் ஹேன்ஸ். இதைத் தொடங்கிய ஜான் ஹேன்ஸ் இலங்கையில் பிறந்தவர். அவருடைய தந்தை அங்கே தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்தார். 1966-இல் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காருக்கு முதல் ஒர்க்ஷாப் மேனுவல் வந்தது. ஒரு காரை முழுவதும் பிரித்து மீண்டும் மாட்டி, ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து எழுதுவது இவர்கள் முறை. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஐந்து ஸ்பேனர் படம் போட்டிருப்பார்கள். ஒரு ஸ்பேனர் என்றால் புதியவரும் செய்யலாம், ஐந்து என்றால் கை தேர்ந்தவருக்கு மட்டும். 2020-இல் புதிய கார்களுக்கான மேனுவல்களை இனி அச்சில் கொண்டுவரப் போவதில்லை, டிஜிட்டலில்தான் வரும் என்று அறிவித்தார்கள்.

கம்பெனி சர்வீஸ் மேனுவல் கடைகளில் ஏன் எளிதாகக் கிடைப்பதில்லை என்று நீங்கள் கேட்கலாம். இது நீண்ட நாள் வழக்கு. உதிரி பாகங்களையும் ரிப்பேர் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் கட்டுப்படுத்தியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதன்மீது மேல்முறையீடுகள் நடந்தன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் ஒரு பிரிவு. உங்கள் கார் கம்பெனி அதில் என்ன தகவல் தந்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் புத்தகம் உதவுமா?

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மேனுவலைத் தேடுவார்கள். தவறில்லை. அம்பாசடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 கார்தான். பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு அந்தப் புத்தகம் உதவும். ஆனால் 1990-களில் இசுசு இன்ஜினோடு வந்த அம்பாசடருக்கு அதே புத்தகத்தின் இன்ஜின் பகுதியால் பயனில்லை. அதேபோல பிரீமியர் பத்மினியின் மூலம் பியட் 1100 டி. இங்கே 2000-ஆம் ஆண்டு வாக்கில் வரை தயாரான வண்டிக்கு 1960-களின் இத்தாலியப் புத்தகத்தை எடுத்தால், எலக்ட்ரிக்கல் பகுதியை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. பிரான்சில் 1946-இல் தொடங்கிய 'ரெவ்யூ டெக்னிக் ஓட்டோமொபில்' மெக்கானிக்குகளுக்கான பிரபலமான வெளியீடு. பெஜோ, ரெனோ கார்களுக்கு அருமையானது. ஆனால் அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங், டாஷ்போர்டு வயரிங் ஆகியவை நம் வண்டியில் இடம் மாறியிருக்கும். அமெரிக்கப் புத்தகங்களுக்கும் இதே எச்சரிக்கை. அவர்கள் பானெட்டை ஹூட் என்பார்கள், ஸ்பேனரை ரெஞ்ச் என்பார்கள். சொல் மாறினால் பரவாயில்லை, புரிந்துகொள்ளலாம். அளவு மாறினால்தான் ஆபத்து.

அளவு எந்த அலகில் இருக்கிறது?

மேனுவலில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதன் பக்கத்தில் இருக்கும் அலகையும் பாருங்கள். போல்ட் இறுக்கும் டார்க் அளவு மூன்று நான்கு விதமாக அச்சாகியிருக்கும்.

1 கிலோகிராம் மீட்டர் = 9.8 நியூட்டன் மீட்டர் = 7.2 பவுண்டு அடி
1 பவுண்டு அடி = 12 பவுண்டு அங்குலம்

உதாரணமாக, மேனுவலில் 90 பவுண்டு அங்குலம் என்று இருந்தால் அது 7.5 பவுண்டு அடிதான். சுமார் 10 நியூட்டன் மீட்டர். அதை 90 பவுண்டு அடி என்று படித்துவிட்டால் 12 மடங்கு இறுக்குவீர்கள். சின்ன போல்ட் தலை உடைந்து கையோடு வந்துவிடும். மீதி இன்ஜினுக்குள்ளேயே நிற்கும். பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு எக்ஸெல் உதவும். ஒரு ஷீட்டில் முதல் காலத்தில் போல்டின் பெயர், இரண்டாவதில் மேனுவலில் உள்ள எண், மூன்றாவதில் அதன் அலகு, நான்காவதில் உங்கள் டார்க் ரெஞ்சில் உள்ள அலகுக்கு மாற்றிய எண் என்று அமைத்துக்கொள்ளுங்கள். கிலோகிராம் மீட்டரை நியூட்டன் மீட்டராக்க 9.81-ஆல் பெருக்கும் பார்முலா போதும். கணக்கை வீட்டிற்குள் உட்கார்ந்து ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் கிரீஸ் கையோடு மனக்கணக்கு போட வேண்டாம்.

இன்னொன்று. மேனுவலில் உள்ள டார்க் அளவு சுத்தமான மரைகளுக்கானது. புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் போல்ட்கள் துருப்பிடித்திருக்கும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, கழற்றி, கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகே அந்த அளவில் இறுக்குங்கள்.

பி.டி.எப். பைலைச் சோதிப்பது எப்படி?

1. பைல் எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து 'வியூ', 'ஷோ', 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேனுவல் என்ற பெயரில் 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் அது புத்தகம் அல்ல, புரோகிராம். திறக்காமல் டெலீட் செய்யுங்கள்.

2. முதல் நான்கு பக்கங்களைப் படியுங்கள். எந்த மாடல், எந்த இன்ஜின், எந்த ஆண்டு முதல் என்று அங்கே இருக்கும். உங்கள் நோட்பேடில் உள்ள விவரங்களோடு ஒப்பிடுங்கள். இந்தப் பக்கங்களே இல்லாத பைலை நம்ப வேண்டாம்.

3. பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா? சர்வீஸ் மேனுவல்களில் பிரிவுவாரியாக 6-1, 6-2 என்று பக்க எண் இருக்கும். மொத்தப் பக்க எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பொருளடக்கத்தில் உள்ள ஒவ்வொரு பிரிவின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. வயரிங் படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சில் மடித்து வைத்த பெரிய தாள் அது. ஸ்கேன் செய்யும்போது ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். வயர் நிறத்தைக் குறிக்கும் எழுத்துகள் தெரியவில்லை என்றால் எலக்ட்ரிக்கல் வேலைக்கு அந்தப் பைல் உதவாது.

5. கண்ட்ரோல் + எப் அழுத்தி ஒரு சொல்லைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அது வெறும் படமாக ஸ்கேன் செய்தது. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் ஓ.சி.ஆர். முறையில் எழுத்தாக மாறும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஓ.சி.ஆர். 0.15 என்பதை 0.75 என்று படிக்கும். சில நேரம் புள்ளியையே விட்டுவிடும். எனவே தேடுவதற்கு மட்டும் ஓ.சி.ஆர். எழுத்தைப் பயன்படுத்துங்கள். அளவை எப்போதும் மூலப் படத்தில் இருந்து படியுங்கள். ஏ.ஐ. சாட் புரோகிராம்களிடம் கேட்டுப் பெறும் அளவுகளுக்கும் இதே விதிதான். மேனுவலில் கண்ணால் பார்க்கும்வரை அது அளவு அல்ல.

ஒரு வேலையை வைத்துப் பரீட்சை

எல்லாம் பொருந்தினாலும் வாங்கும் முன் இந்தப் பரீட்சையை வையுங்கள். நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு வேலையை, உதாரணமாக பிளக் கழற்றுவதை, மேனுவலில் படியுங்கள். படமும் உங்கள் வண்டியும் ஒன்றாக இருக்கிறதா? இருந்தால் அடுத்து நீங்கள் செய்யப் போகும் வேலையைப் படியுங்கள். நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைக்க வேண்டும். என்ன டூல் வேண்டும்? கழற்றும் முன் என்ன எச்சரிக்கை? திருப்பி மாட்டும்போது எதைப் புதிதாகப் போட வேண்டும்? எவ்வளவு இறுக்க வேண்டும்? நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அந்த வேலைக்கு அந்த மேனுவல் போதாது.

வேலை செய்யும்போது முழுப் புத்தகமும் வேண்டாம். தேவையான நான்கைந்து பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முடித்த பிறகு தேதி, கிலோமீட்டர், போட்ட பாகத்தின் எண் ஆகியவற்றை அந்த எக்ஸெல் பைலிலேயே இன்னொரு ஷீட்டில் பதியுங்கள். நாளை வண்டியை மெக்கானிக்கிடம் விடும்போது அவருக்கும் அது உதவும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். பிரேக் பைப், ஸ்டியரிங், டைமிங் பெல்ட் வேலைகளை மேனுவல் இருந்தாலும் முதல் தடவை அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள்.

வாசகருக்குப் பதில்

இப்போது கதிர்காமம் வாசகரின் மூன்று பைல்களுக்கு வருவோம். அவரிடம் இன்னும் சில விவரங்கள் கேட்டோம். சாவியைப் போட்டால் 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறது, சோக் குமிழ் இல்லை என்று சொன்னார். அப்படியானால் அது எம்.பி.எப்.ஐ. வண்டி. பெரிய பி.டி.எப்.பின் முன் பக்கத்தில் கார்புரேட்டர் மாடல் என்று இருக்கிறது. நூறு பக்கம் கூட இல்லை என்று அவர் ஒதுக்கி வைத்த இரண்டாவது பைல்தான் எம்.பி.எப்.ஐ. மாடலுக்கான சப்ளிமெண்ட்.

எனவே முடிவு இதுதான். மூன்றாவது பைலைத் திறக்காமலே டெலீட் செய்யுங்கள். மற்ற இரண்டையும் ஒரே போல்டரில் வையுங்கள். எந்த வேலையானாலும் முதலில் சப்ளிமெண்டைப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால், அதுவே மூல மேனுவலைப் பார்க்கச் சொன்னால் மட்டும் பெரிய பைலுக்குப் போங்கள்.

பெட்ரோல் பில்டருக்கு வருவோம். பொதுவாக எம்.பி.எப்.ஐ. வண்டிகளில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பெட்ரோல் பம்பின் ரிலேயையோ பியூஸையோ எடுத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பைப்பில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுவார்கள். பிறகு இரண்டு மூன்று முறை செல்ப் அடித்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இணைப்பின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திறப்பார்கள். உங்கள் வண்டியில் அந்த ரிலே எங்கே இருக்கிறது, எந்த வாஷரைப் புதிதாகப் போட வேண்டும் என்பதைச் சப்ளிமெண்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், செல்போனும் சிகரெட்டும் தள்ளியே இருக்கட்டும். ஏற்கெனவே வண்டியில் பெட்ரோல் வாசனை வந்தால் பில்டர் மாற்றுவது இரண்டாவது வேலை. கசிவு எங்கே என்று மெக்கானிக்கிடம் காட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

மற்ற வாசகர்களும் இன்றே பானெட்டைத் திறந்து அந்த நான்கு விவரங்களையும் குறித்து வையுங்கள். மேனுவல் தேடுவது அதற்குப் பிறகுதான்.